அமுதசுரபியின் முன் பதினெட்டு மொழிகள்

சென்னையின் தெற்குப் புறநகரில் மேடவாக்கத்துக்கும் சோழிங்கநல்லூருக்கும் இடையே அமைந்துள்ள பெரும்பாக்கம், ஏரியும் வயலும் சூழ்ந்த சிற்றூராக நெடுங்காலம் இருந்து, கடந்த இருபது ஆண்டுகளுக்குள் தம்முள் மிகுதியாகப் பழகிக்கொள்ளாத பலவகை மக்கள் அடுத்தடுத்து வாழும் இடமாக மாறியிருக்கிறது. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் பணிபுரிவோர் வாங்கிய தனியார் அடுக்ககங்களும், பன்னோக்கு மருத்துவமனையும், வடமாநிலங்களிலிருந்து கட்டட வேலைக்கு வந்தோரின் தற்காலிகக் குடியிருப்புகளும், கூவம், அடையாறு ஆகியவற்றின் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழைக் குடும்பங்களுக்காக அரசு எழுப்பிய எட்டு அடுக்குக் குடியிருப்புகளும் இங்கே ஒரே ஊர்ப்பெயரைப் பகிர்ந்துகொள்கின்றன. இவற்றோடு, 2004ஆம் ஆண்டில் தமிழ் செம்மொழியாக அறிவிக்கப்பட்டதன் தொடர்ச்சியாக உருவான செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் புதிய வளாகமும் 2022ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் இவ்வூரிலேயே திறக்கப்பட்டது.

அந்நிறுவனம் தன் ஆய்வுக்குரியவையாக வகுத்துக்கொண்ட செவ்வியல் நூல்கள் 41. தொல்காப்பியம், எட்டுத்தொகை, பத்துப்பாட்டு, பதினெண்கீழ்க்கணக்கு முதலியவை அடங்கிய அவ்வரிசையில், மனிதர் பலவகைப்பட்டோர் என்ற உண்மையைக் கதையின் மையத்திலேயே வைத்துப் பேசிய நூல் மணிமேகலை. பெரும்பாக்கம் போன்ற ஓர் ஊரிலிருந்து அதை மறுபடியும் படிக்கும்போது, பள்ளிப் பாடத்தில் 'பசிப்பிணி தீர்த்த காப்பியம்' என்ற ஒற்றை விளக்கத்தோடு முடிந்துபோன நூலுக்குள் பிறப்பு, மொழி, உணவுப் பழக்கம், வழிபாடு, சாவுச் சடங்கு என மனிதரைப் பிரிக்கும் ஏறக்குறைய எல்லா எல்லைகளும் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசப்பட்டிருப்பது தெரியவருகிறது.

மணிமேகலையை இன்றைய இலக்கிய வகைப்பாட்டில் வைப்பதானால், அதனை மிகுபுனைவு எனலாம். நடைமுறை உலகின் இயற்கை விதிகளுக்கு அப்பாற்பட்ட நிகழ்ச்சிகளையும் உயிர்களையும் கொண்டு, அவற்றுக்கென்று ஓர் ஒழுங்கையும் வகுத்துக்கொண்டு நடைபெறும் கதையையே மிகுபுனைவு என்கிறோம். வானில் பறக்கச் செய்யும் மந்திரம், வேற்றுருக் கொள்ளும் மந்திரம், முற்பிறப்பை உணர்த்தும் புத்த பீடிகை, எடுக்க எடுக்கக் குறையாத உணவைத் தரும் அமுதசுரபி என்னும் பாத்திரம், கடல் நடுவே தெய்வம் காவல் காக்கும் மணிபல்லவத் தீவு ஆகிய அனைத்தும் இந்நூலில் உண்டு. இதனை இயற்றியவர் மதுரையில் தானிய வணிகம் செய்தவராகச் சொல்லப்படும் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், காலம் கி.பி. 2ஆம் நூற்றாண்டு முதல் 6ஆம் நூற்றாண்டு வரை பலவாறாகக் கணிக்கப்படுகிறது. பதிகம் நீங்கலாக முப்பது காதைகள், அதாவது முப்பது கதைப் பகுதிகள், இதில் உள்ளன. கோவலனுக்கும் ஆடல் மகள் மாதவிக்கும் பிறந்த மணிமேகலை, கணிகையர் குலத்துக்கு விதிக்கப்பட்ட வாழ்வையும் தன்னைத் தொடரும் சோழ இளவரசன் உதயகுமாரனையும் விலக்கி, பௌத்தத் துறவியாவதே இதன் கதைப்போக்கு.

உலக மிகுபுனைவுகள் பலவும் வேறுபட்ட இனத்தவரை ஒரே பயணத்தில் சேர்த்து நடத்துபவை. ஆங்கிலேயர் டோல்கீன் 1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட 'மோதிரங்களின் தலைவன்' நெடுங்கதையில், ஒன்பது பேர் கொண்ட பயணக் குழுவுக்குள் தலைமுறை தலைமுறையாக ஒருவரையொருவர் நம்பாத இரண்டு இனங்களைச் சேர்ந்தவர்கள் நெருங்கிய நண்பர்களாகிறார்கள். அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய 'எர்த்சீ' வரிசையின் முதல் நூலில் கதைநாயகனைச் செம்பழுப்புத் தோல் உடையவனாகவே படைத்திருந்தும், பதிப்புகள் பலவற்றின் மேலட்டை ஓவியங்கள் அவனை வெள்ளையனாகக் காட்டியதை அவர் பின்னர் வருத்தத்தோடு பதிவு செய்தார். மாய உலகத்தைப் படைப்பவர்கள் தம் காலத்துச் சமூகத்தின் பிரிவினைகளைக் கதைக்குள் கொண்டுவந்து சோதித்துப் பார்ப்பது இவ்வகை எழுத்தின் இயல்பு. சாத்தனாரும் அதையே செய்தார்.

அச்சோதனை மிகக் கூர்மையாக நிகழும் இடம், அமுதசுரபியை முதலில் ஏந்தியவனான ஆபுத்திரனின் கதை. வாரணாசியைச் சேர்ந்த அந்தணர் ஒருவரின் மனைவி சாலி, ஒழுக்கம் தவறிய அச்சத்தால் குமரியில் நீராடப் புறப்பட்டு, வழியில் பெற்ற குழந்தையை ஒரு தோட்டத்தில் விட்டுச் செல்கிறாள். ஏழு நாட்கள் ஒரு பசு அக்குழந்தைக்குப் பால் சுரந்து காக்கிறது. அவ்வழியே வந்த அந்தணர் ஒருவர் எடுத்து வளர்க்க, மறைநூல்களையெல்லாம் கற்று வளர்ந்த அச்சிறுவன், வேள்விக்காகக் கட்டப்பட்டிருந்த ஒரு பசுவை இரவில் அவிழ்த்து விடுகிறான். பிடிபட்டு அடிபடும்போது அவன் கேட்கும் கேள்வி எளியது: பிறந்த நாள் முதல் எல்லோர்க்கும் பால் தரும் இவ்வுயிரிடம் உங்களுக்கு என்ன பகை? அவர்கள் அதற்கு விடை சொல்லாமல், அவன் பசுவின் மகன், இழிந்தவன் என்று அவனுடைய பிறப்பைப் பழிக்கிறார்கள். அவனோ, அவர்கள் போற்றும் முனிவர்களுள் பசுவுக்கும் மானுக்கும் புலிக்கும் நரிக்கும் பிறந்தவர்களாகச் சொல்லப்படுவோரைப் பெயர் சொல்லி அடுக்குகிறான். அடுத்து, சாலியின் கதையை அறிந்த ஒருவர் அதனை வெளிப்படுத்தியபோது, வேத முதல்வர்களாகிய வசிட்டரும் அகத்தியரும் வானுலகக் கணிகையின் மைந்தர்களே எனச் சொல்லி நகைக்கிறான்.

இவ்விடத்தில் சாத்தனார் கையாளும் முறை கவனத்துக்குரியது. தன் பிறப்பு பழுதற்றது என்று ஆபுத்திரன் மெய்ப்பிக்க முயலவில்லை. பிறப்பை அளவுகோலாகக் கொள்வோரின் அளவுகோலை அவர்களுடைய முன்னோர் மீதே வைத்துக் காட்டி, அது எவரையும் அளக்க உதவாதது என்று நிறுவுகிறான். வாதத்தில் வென்றவனுக்குக் கிடைப்பதோ வெளியேற்றம். வளர்த்த தந்தை வீட்டைவிட்டு நீக்குகிறார். அந்தணர் ஊர்களில் அவனுடைய பிச்சைப் பாத்திரத்தில் கற்களை இடுகிறார்கள். அறிவால் வென்றவனைச் சமூகம் எவ்வாறு தண்டிக்கும் என்பதை மறைக்காமல் சொன்ன இப்பகுதி, பழந்தமிழ் நூல்களுள் மிக நேர்மையான பகுதிகளுள் ஒன்று என்று தயங்காமல் கூறலாம்.

தென்மதுரைக்கு வந்து, கலைத்தெய்வமாகிய சிந்தாதேவியின் கோயில் முன்றிலில் தங்கிய ஆபுத்திரன், வீடுவீடாக இரந்து வந்த உணவைக் கண் தெரியாதோர், காது கேளாதோர், கால் முடமானோர், ஆதரவற்றோர், நோயுற்றோர் ஆகியோரை அழைத்து ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டு, தன் பிச்சை ஓட்டையே தலையணையாக வைத்து உறங்கினான். மழை பெய்யும் ஓர் இரவில் பசியோடு வந்தவர்களுக்குக் கொடுக்க ஏதுமின்றி அவன் கலங்கியபோதுதான் தேவி அவனுக்கு அமுதசுரபியை அளிக்கிறாள். கல் விழுந்த பாத்திரத்தை ஏந்தியவனுக்கே குறையாத பாத்திரம் கிடைப்பதாகக் கதை அமைந்திருப்பது தற்செயலாக இருக்க முடியாது.

பிறப்பின் எல்லையை ஆபுத்திரன் கதை பேசுகிறதென்றால், பண்பாட்டு எல்லையைப் பேசுவது சாதுவன் கதை. கணிகையிடம் செல்வத்தை இழந்து, பொருள் ஈட்டக் கடல் கடந்த சாதுவன், கப்பல் உடைந்து, ஒடிந்த பாய்மரத்தைப் பற்றி, ஆடையணியாத நாகர் வாழும் ஒரு மலைக்கரையை அடைகிறான். களைத்து உறங்கும் அவனை உணவாகக் கொள்ள எண்ணி எழுப்பியவர்களிடம் அவன் அவர்களுடைய மொழியிலேயே பேசுகிறான்; அதைக் கேட்ட கணத்தில் அவன் இரையாக இல்லாமல் விருந்தினனாக மாறுகிறான். அவர்களுடைய தலைவன் கள்ளும் இறைச்சியும் பெண்ணும் தர முன்வர, சாதுவன் மறுக்கிறான். இவையின்றி வாழ்வில் வேறென்ன பயன் என்று தலைவன் கேட்க, இருவருக்கும் இடையே உயிர், மறுபிறப்பு, வினை ஆகியன பற்றி உரையாடல் நடக்கிறது. இறுதியில் தலைவன், தங்கள் வாழ்க்கைக்கு ஏற்ற அறம் எதுவோ அதைச் சொல்லுமாறு கேட்கிறான். சாதுவன் துறவியின் ஒழுக்கத்தை அவர்கள் மேல் சுமத்தாமல், கப்பல் உடைந்து கரையேறுவோரைக் கொல்ல வேண்டாம் என்றும், மூத்துத் தானே இறந்த விலங்கின் ஊனைத் தவிர வேறு ஊனுக்காக உயிர்களைக் கொல்ல வேண்டாம் என்றும் மட்டும் சொல்கிறான்.

எனினும் இக்கதையை இன்று படிப்போர் அதன் குறையையும் காண வேண்டும். நாகர் தலைவனையும் அவன் துணைவியையும் கரடிகளுக்கு ஒப்பிட்டும், அவர்கள் இருப்பிடத்தின் நாற்றத்தையும் எலும்புகளையும் விரித்துரைத்தும், நகரத்தவரின் அருவருப்பையே நூல் வெளிப்படுத்துகிறது. கற்பிப்பவன் கடல் கடந்து வந்த வணிகன். கற்பவர்கள் மலைவாழ் மக்கள். அவர்களிடமிருந்து சாதுவன் கற்றுக்கொண்டதாக நூலில் ஒன்றும் இல்லை. பிறப்பின் பெயரால் இழிவுபடுத்துவதை அவ்வளவு துணிவாக எதிர்த்த புலவரே, வாழ்முறையின் பெயரால் மற்றொரு மக்களைத் தாழ்வாக வருணிக்கிறார். தமக்குப் பழகிய வேற்றுமையை ஏற்பதும் பழகாத வேற்றுமையைக் கண்டு முகம் சுளிப்பதும் ஒரே மனத்தில் சேர்ந்திருக்கக்கூடும் என்பதை இந்நூல் தன்னையறியாமல் காட்டுகிறது. மறுவாசிப்பில் கிடைக்கும் அறிவுகளுள் இதுவே கசப்பானது, பயனுடையதும் கூட.

புகார் நகரத்தை வருணிக்கும் இடங்களில் சாத்தனாரின் பார்வை விரிந்தது. முதல் காதையில் இந்திர விழாவை அறிவிக்கும் முரசறைவோன், பல்வேறு சமயங்களின் பொருளை வாதிட வல்லோர் பட்டிமண்டபம் எனப்படும் வாத மேடையில் முறையறிந்து ஏற வேண்டும் என்றும், பகைவரோடும் சினமும் பூசலும் கொள்ளாது விலக வேண்டும் என்றும் சொல்கிறான். கருத்து வேறுபாட்டுக்கு இடம் ஒதுக்குவது விழா ஏற்பாடுகளுள் ஒன்றாகவே கருதப்பட்டிருக்கிறது. ஆறாம் காதையில் வரும் சக்கரவாளக் கோட்டம் என்னும் இடுகாட்டில், பிணத்தைச் சுடுவோரும், வெறுமனே இட்டுச் செல்வோரும், குழி தோண்டிப் புதைப்போரும், நிலவறையில் அடைப்போரும், தாழியில் கவிப்போரும் ஒரே இடத்துக்கு வருகின்றனர். பெரும்பாக்கத்திலிருந்து தொலைவில் இல்லாத பல்லாவரத்தில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்த சுடுமண் ஈமப்பேழை, இறந்தோரை அடக்கம் செய்யும் முறைகள் இந்நிலப்பகுதியில் பலவாக இருந்தமைக்குச் சான்றாக நிற்கிறது. பத்தொன்பதாம் காதையில் சோழனின் மண்டபத்தைக் கட்டியவர்களாக மகதத்து வினைஞர், மராட்டியக் கம்மியர், அவந்தி நாட்டுக் கொல்லர், யவனத் தச்சர் ஆகியோர் தமிழ்க் கைவினைஞரோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றனர். கட்டியவர்களின் ஊரையும் நாட்டையும் ஒரு காப்பியம் நினைவில் வைத்திருக்கிறது. பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி எழுந்த கண்ணாடிக் கட்டடங்களில், அவற்றை எழுப்பிய பீகார், ஒடிசா, வங்காளத் தொழிலாளர்களின் பெயர் எங்கும் இல்லை.

அமுதசுரபி மணிமேகலையின் கைக்கு வந்தபின், புகாரில் உலக அறவி என்னும் பொது அம்பலத்தில் அவள் உணவளிக்கிறாள்; சிறையில் இருந்தோர்க்கும் உணவளித்து, அரசனிடம் வரம் கேட்கும் வாய்ப்பு வந்தபோது சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றித் தருமாறு கேட்டுப் பெறுகிறாள். ஆயினும் பன்மை என்னும் பொருளுக்கு உச்சமாக அமைவது காஞ்சியில் நிகழும் காட்சியே. மழையின்றி வற்றிய அந்நகரில் அவள் பாத்திரத்தை வைத்து அழைத்தபோது, பதினெட்டு மொழி பேசுவோர் திரண்டு வந்ததாகவும், அவர்களுள் பார்வையற்றோர், கேளாதோர், பேசாதோர், நடக்க இயலாதோர், பிணியாளர், நோன்பிருப்போர், வறியோர் என எல்லோரும் இருந்ததாகவும் நூல் பட்டியலிடுகிறது. 2019ஆம் ஆண்டில் செங்கல்பட்டு மாவட்டம் பிரிக்கப்படும் வரை பெரும்பாக்கம் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர் என்பதை இங்கே நினைவுகூரலாம். கதை நடக்கும் மண் தொலைவில் இல்லை. அப்பட்டியலில் எவரும் தம் மொழியையோ நோன்பையோ விட்டுவிட்டு வரும்படி கேட்கப்படவில்லை என்பதும், எவருடைய தகுதியும் ஆராயப்படவில்லை என்பதும் குறிக்கத்தக்கன.

இதனால் மணிமேகலை எல்லாக் கொள்கைகளும் ஒன்றே என்று கூறும் நூல் என முடிவு செய்துவிடக் கூடாது. வஞ்சி நகரில் அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி, பூதவாதி ஆகிய பதின்மரிடமும் அவள் கொள்கை கேட்கிறாள். இவர்களுள் நிகண்டவாதி சமணர். பூதவாதி உலகம் ஐம்பூதச் சேர்க்கையே என்னும் பொருள்முதல் கொள்கையர். ஒவ்வொருவரும் தம் கொள்கையைத் தாமே விளக்க விடப்படுகின்றனர். அதன் பின்னரே அவள் அவற்றை ஏற்காது பௌத்தத்தைத் தேர்கிறாள். நூலாசிரியரின் சார்பு வெளிப்படையானது. ஆனால் மறுக்கப்படும் கொள்கையும் அதன் சொந்த வாயாலேயே பேசுகிறது. மற்றொரு செய்தி வருத்தம் தருவது: இளம்பெண்ணாகச் சென்றால் ஆசிரியர்கள் தம் கொள்கையை உரைக்கமாட்டார்கள் என்பதால் மணிமேகலை ஆண் துறவியின் உருவம் கொண்டுதான் அவர்களிடம் செல்ல வேண்டியிருந்தது. பத்துக் கொள்கைகளுக்கு இடமளித்த அவை, ஒரு பெண்ணின் கேள்விக்கு இடமளிக்கவில்லை.

மறுவாசிப்பால் உயிர் பெறும் நூல் இது என்பதற்கு அதன் பதிப்பு வரலாறே சான்று. பல நூற்றாண்டுகள் பெரிதும் படிக்கப்படாது கிடந்த இந்நூலை உ.வே. சாமிநாதையர் 1898ஆம் ஆண்டில் அரும்பத உரையோடு பதிப்பித்தார். சைவ மரபில் கற்ற அவருக்குப் பௌத்தக் கலைச்சொற்கள் புரியாதிருந்தபோது, கும்பகோணம் கல்லூரியில் உடன் பணியாற்றிய வைணவரான ரங்காசாரியர் பௌத்த நூல்களைப் படித்து அவருக்கு விளக்கினார். சைவர் ஒருவரும் வைணவர் ஒருவரும் கூடிப் பௌத்தக் காப்பியம் ஒன்றை மீட்ட அவ்வுழைப்பு, தமிழ்ப் பதிப்பு வரலாற்றின் மிக அழகிய கூட்டுறவுகளுள் ஒன்று.

அதே 1898ஆம் ஆண்டில்தான் அயோத்திதாச பண்டிதர் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். சாதியால் ஒடுக்கப்பட்டோரின் முன்னோர் பௌத்தர்களே என்று வாதிட்ட அவர், 1907இல் தொடங்கிய தம் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழில் மணிமேகலையை அழிந்துபோன ஒரு சமயத்தின் நினைவுச்சின்னமாகக் கொள்ளாமல், தம் மக்களின் பறிக்கப்பட்ட வரலாற்றுக்குச் சான்றாகக் கொண்டு படித்தார். சித்த மருத்துவராகவும் விளங்கிய அவருடைய பெயரையே தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை தாங்கியிருக்கிறது. ஆபுத்திரனின் கேள்வியை இருபதாம் நூற்றாண்டுக்குள் எடுத்து வந்தவர் என்று அவரைச் சொல்வது மிகையாகாது.

அக்கேள்வி இன்று பெரும்பாக்கத்தில் வேறு வடிவில் எழுகிறது. 1970இல் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியம், 2021இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றப்பட்டது; அவ்வாரியம் இங்கே கட்டிய ஏறத்தாழ 20,000 வீடுகளுக்கு, குறிப்பாக 2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்துக்குப் பின், நகரின் பல பகுதிகளிலிருந்து மக்கள் கொண்டுவரப்பட்டனர். மணிமேகலைக்குத் தாயின் நிலையில் வைத்துப் போற்றப்படும் கண்ணகியின் பெயரைத் தாங்கிய கண்ணகி நகரும், செம்மஞ்சேரிக் குடியிருப்பும் அதற்கு முன்பே இவ்வகையில் உருவானவை. வேறுவேறு கரைகளில், வேறுவேறு தொழில்களோடு, வேறுவேறு வழிபாடுகளோடு வாழ்ந்தவர்கள் வெளியாரின் பார்வையில் ஒரே பெயருக்குள் அடக்கப்பட்டனர்; வேலை தேடிச் செல்லும் இளைஞர்கள் முகவரியைச் சொன்ன உடனே சந்தேகத்தோடு பார்க்கப்படுவதும், அதனால் சிலர் வேறு முகவரியைச் சொல்ல நேர்வதும் செய்திகளிலும் ஆய்வுகளிலும் பலமுறை பதிவாகியுள்ளன. பிறந்த குலத்தைக் கேட்டுப் பாத்திரத்தில் கல்லிட்டவர்களுக்கும் குடியிருக்கும் தொகுதியைக் கேட்டு விண்ணப்பத்தை ஒதுக்குபவர்களுக்கும் இடையே முறையில் வேறுபாடு உண்டு, நோக்கில் இல்லை.

காப்பியத்தின் இருபத்தைந்தாம் காதையில், சாவகநாட்டில் புண்ணியராசன் என்னும் அரசனாக மறுபிறப்பு எடுத்த ஆபுத்திரன், தன் முற்பிறப்பை அறிந்து, அரசைத் துறக்க விரும்புகிறான். மணிமேகலை அதற்கு உடன்படவில்லை. அவன் நீங்கினால் நாட்டு மக்களைக் காப்பவர் யார் என்று கேட்டு, உயிர்களுக்கு உணவும் உடையும் உறைவிடமும் தருவதைத் தவிர அறம் என்று சொல்ல வேறில்லை என்கிறாள். இம்மூன்றையும் அவள் ஒருங்கே சொல்வது பெரும்பாக்கத்துக்கு நேராகப் பொருந்துகிறது. இங்கே உறைவிடம் தரப்பட்டது. ஆனால் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில் விட்டுவந்த வீட்டு வேலையும், மீன் வியாபாரமும், சுமைப்பணியும், பூ வியாபாரமும் உடன் வரவில்லை. உணவுக்கான வழியை அறுத்துக் கொடுக்கப்பட்ட உறைவிடம் அவள் சொன்ன அறத்தின் மூன்றில் ஒரு பங்கே. அடுத்த முறை ஆற்றங்கரையிலிருந்து ஒரு குடும்பத்தை எழுப்பும்போது, அதன் தொழிலும் பிள்ளைகளின் பள்ளியும் எங்கே இருக்கின்றன என்பதை வீட்டு ஒதுக்கீட்டு ஆணை எழுதப்படுவதற்கு முன்பே கேட்டறிய வேண்டிய கடமை அரசுக்கு உண்டு. புண்ணியராசன் துறவை விட்டுத் தன் நாட்டுக்குத் திரும்பியது அத்தகைய கடமையைச் செய்வதற்காகவே.